இரண்டு அட்டைகள், ஒரே வாரம்

"எதற்காக வந்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார், நுவார்க் விமான நிலையத்தில் என் கடவுச்சீட்டைப் புரட்டிய அதிகாரி.

"ஒரு பிரெஞ்சு வார இதழைப் பற்றிப் பேச."

"பிரான்சிலா?"

"இல்லை. நியூ ஜெர்சியில்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "யாராவது கேட்க வருவார்களா?" என்றார். கிண்டல் மாதிரித் தெரியவில்லை, உண்மையான அக்கறை. வருவார்கள் என்று உறுதியாகச் சொன்னேன். கடவுச்சீட்டைத் திருப்பிக் கொடுத்தார். பெட்டி வரும்வரை, வருவார்களா என்று நானும் யோசித்துக்கொண்டு நின்றேன்.

புதுச்சேரியில் ஒரு பெண்கள் கல்லூரியில் பிரெஞ்சு கற்பிக்கிறேன். எங்கள் ஊரில் அந்த வார இதழை யாரும் பெயர் சொல்லிக் கேட்டு நான் பார்த்ததில்லை. 'பாரிஸ் புக்' என்பார்கள். ஒரு வீட்டுக்கு வரும், தெருவே படிக்கும். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர் வீடு, நோட்டரி வீடு, பள்ளி ஆசிரியை வீடு என்று சுற்றி, ஓரம் மடங்கி, யாரோ குறுக்கெழுத்தைப் பாதி போட்டு விட்டுவிட்ட நிலையில், கடைசியாக எங்கள் கல்லூரி நூலகத்துக்கு வந்து சேரும். அப்படிச் சேர்ந்த பல வருஷத்து இதழ்களைத்தான் முனைவர் பட்டத்துக்காக உட்கார்ந்து படித்தேன்.

அதன் கதை சுருக்கமாக இதுதான். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு, கையில் பணமில்லாத சில இளம் பத்திரிகையாளர்கள் அதைத் தொடங்கினார்கள். பிரான்ஸ் தன் காலனிகளில் நடத்திய போர்களை ஆரம்பத்திலிருந்தே எதிர்த்தார்கள். ராணுவம் கைதிகளைச் சித்திரவதை செய்ததை எழுதியபோது, இதழ்கள் கடையில் இருந்தபடியே பறிமுதல் ஆயின. இடதுசாரி இதழ் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் எந்தக் கட்சியின் சொல்லையும் கேட்டு நடந்த இடதுசாரி இல்லை. காலனிகள் கைவிட்டுப் போன பிறகு, எதிர்க்க அதற்குப் பெரிதாக எதுவும் மிஞ்சவில்லை. அமெரிக்க வார இதழ்களைப் பார்த்து அளவைச் சுருக்கியது, வண்ண அட்டை போட்டது. கழுத்துப்பட்டை கட்டிய மேலாளர்கள் ரயிலில் படிக்கும் இதழானது. அப்புறம் ஒரு தொழிலதிபர் அதை வாங்கினார். பழைய ஆட்கள் பலர் கோபித்துக்கொண்டு வெளியேறினார்கள்.

அதற்குப் பின் அது எந்தப் பக்கம் சாய்ந்தது? என் ஆய்வின் மையமே இதுதான். எந்தப் பக்கமும் இல்லை என்பது என் முடிவு. கை மாறிய பிறகு அது சார்பு எடுப்பதையே விட்டுவிட்டது. இடதிலிருந்து வலதுக்கு அல்ல, இடதிலிருந்து மௌனத்துக்குப் போனது. பக்கம் பக்கமாகப் பார்த்து எழுதிய முடிவு. இந்த அத்தியாயத்தைத்தான் நியூ ஜெர்சியில் பிஸ்கட்டவே என்ற ஊரில் உள்ள பல்கலைக்கழகத்தில் ஒரு கருத்தரங்கில் படிக்க அழைத்திருந்தார்கள். படித்தால் அவர்கள் வெளியிடும் தொகுப்பு நூலில் வரும். வந்தால் என் வேலை நிரந்தரமாகும் என்று எங்கள் கல்லூரி முதல்வர் வாய்விட்டே சொல்லியிருந்தார். அதற்காகத்தான் இரண்டரை வயது யாழினியை அவள் அப்பா பிரபுவிடமும் என் மாமியாரிடமும் விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

ஒரே ஒரு குறை. இதழ் கை மாறிய காலத்துப் பிரதிகளை எங்கள் நூலகத்துக் கரையான் தின்றிருந்தது. முன்னால் இருந்தன, பின்னால் இருந்தன, நடுவில் மண். "எங்க அக்கா கல்யாணமாகிப் போறப்போ ஒரு பெட்டி நிறைய அந்த புக்கத்தான் தூக்கிக்கிட்டுப் போச்சு," என்றாள் என்னுடன் வேலை பார்க்கும் லூர்து. "பட்டுப்புடவையெல்லாம் அப்புறமா பார்சல்ல போச்சு. இப்ப டெக்சாஸ்ல இருக்கு. அதுகிட்ட நீ தேடுறது இருக்கும் பாரு." ஆகவே கருத்தரங்குக்கு முந்தைய வார இறுதியில் டெக்சாஸ் என்று முடிவானது.

முதல் சில நாட்கள் ஜெர்சி சிட்டியில், மீனா அக்கா வீட்டில். அக்கா என் பெரியம்மா மகள். ஒரு வங்கிக்கு மென்பொருள் எழுதும் ஒப்பந்த வேலை. வீட்டுக்குள் நுழைந்ததுமே புளிக்குழம்பு வாசனை. "ஃப்ளைட்ல என்ன குடுத்தான்? பாஸ்தாவா? வாயில வெக்க முடியாதே. கை கழுவிட்டு வா," என்றாள். அவள் மகள் அனன்யாவுக்கு ஒன்பது வயது. நான் தமிழில் கேட்பதற்கெல்லாம் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். "பாப்பாவை ஏன் கூட்டிட்டு வரல சித்தி?" என்ற அர்த்தத்தில்தான் அவள் முதலில் கேட்டாள். "அவளுக்கு ஃப்ளைட் ஒத்துக்காது," என்றேன். அவள் நம்பவில்லை.

இங்கே காலை என்றால் ஊரில் சாயங்காலம். தினமும் அந்த நேரத்தில் வீடியோ அழைப்பு. முதல் நாள் யாழினி திரையை முத்தமிட்டு நனைத்தாள். இரண்டாம் நாளிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பாட்டி மடியில் படுத்திருப்பாள். இடது கன்னமும் காதும்தான் தெரியும்.

"பாப்பா, அம்மாவப் பாருடா."

"அவ டிவி பாக்குறா நித்யா," என்றான் பிரபு. "நல்லா இருக்கா. சாப்ட்டா. தூங்குனா. நீ உன் வேலையப் பாரு."

என் மேல் கோபமாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். விட்டுவிட்டு வந்தவளுக்கு இது வேண்டியதுதான் என்றும் நினைத்தேன்.

அக்கா அலுவலகம் போன பிறகு, மன்ஹாட்டனைப் பார்த்துவிட்டு வரலாமென்று வீட்டுக்குப் பக்கத்து ஜர்னல் ஸ்கொயர் நிலையத்தில் ரயில் ஏறினேன். போனது சரியாகப் போனேன். ஊர் உயரமாக இருந்தது, கழுத்து வலித்தது, பத்திரிகைக் கடைகள் என்று நான் கற்பனை செய்து வைத்திருந்தவை தண்ணீர்ப் புட்டியும் சூயிங்கமும் விற்றுக்கொண்டிருந்தன. வாங்கிய நீள ரொட்டி, மிஷன் வீதிப் பக்கம் எங்கள் ரொட்டிக் கடையில் காலையில் வரும் ரொட்டிக்குக் கிட்டே நிற்காது என்று பதிவு செய்ய விரும்புகிறேன். திரும்பும்போது வசதியாக ஜன்னலோரம் உட்கார்ந்தேன். எங்கள் ஊர் ரயிலில் இந்நேரத்துக்குள் சமோசா, சுண்டல், கைக்குட்டை எல்லாம் கடந்து போயிருக்கும். இங்கே யாரும் எதுவும் விற்கவில்லை. யாரும் யாரையும் பார்க்கவுமில்லை.

எதிரே குர்த்தா போட்ட ஒரு பெண், ஒரு கையில் பீட்சாத் துண்டு, மறு கையில் ஃபோன். "சாப்ட்டேம்மா. சாம்பார், பீன்ஸ் பொரியல். ஆமா, நானேதான் வெச்சேன். கேஸ்லதான். இல்லம்மா, வெளிய எங்கயும் சாப்பிடறதில்ல." ஒரு கடி கடித்து மெல்லும் நேரத்துக்குத் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தாள். நான் சிரித்ததைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. ஃபோனை வைத்துவிட்டு, "திருச்சிக்கு இவ்ளோ நியூஸ் போதுங்க," என்றாள். "நீங்க எங்க எறங்கணும்?"

"ஜர்னல் ஸ்கொயர்."

"அய்யய்யோ. இது ஹோபோக்கன் போற ட்ரெயினுங்க!"

ஹோபோக்கனில் இறங்கி, திரும்பி ஏறி, நடுவில் மாறி, நெடுநேரம் கழித்து வீடு வந்தேன். மறுநாள் பிரபுவிடம் மன்ஹாட்டன் அழகாக இருந்தது என்று மட்டும் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை ஹூஸ்டன். லூர்துவின் மூத்த அக்கா, என் அம்மா வயதிருக்கும் ஜோஸ்லினும் கணவர் அந்துவானும் ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்டில் இருக்கிறார்கள். அந்துவான் காரைக்காலில் பிறந்தவர். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த அப்பாவுடன் சிறு வயதிலேயே பாரிஸ் புறநகருக்குப் போய், அங்கே படித்து, எண்ணெய்க் கம்பெனி பொறியாளராகி, வேலை இழுத்துக்கொண்டு வந்த இடம் டெக்சாஸ். விமான நிலையத்துக்கு அவரே வந்தார். எங்கள் ஊரில் மினி பஸ் என்று ஓட்டக்கூடிய அளவில் ஒரு கார்.

"ஏறு ஏறு. வெயில்ல நிக்காத. ஆனா ஒண்ணு, மொதல்ல இதுக்கு பதில் சொல்லு, அப்புறம்தான் ஏசி. அந்த புக்கு லெஃப்டா, ரைட்டா?"

"ரெண்டும் இல்ல அங்கிள். அதுதான் என் பேப்பர்."

அவர் ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டார். "போச்சு. நான் ரைட்டுங்கறேன், எம் பொண்டாட்டி லெஃப்டுங்கறா. கல்யாணம் ஆனதுலேர்ந்து இந்தச் சண்டை. ஒரு டாக்டர் வந்து தீத்து வெப்பான்னு பாத்தா, நீ மூணாவது கட்சி ஆரம்பிக்கற!"

"இன்னும் டாக்டர் ஆகல அங்கிள்."

"ஆகாம இருக்கறதே நல்லது," என்று ஏசியைப் போட்டார்.

மறுநாள் காலை, யாழினிக்குத் தலையில் குத்தும் கிளிப் வாங்கலாமென்று நடந்து கிளம்பினேன். கடை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்தது. கொஞ்ச தூரத்தில் நடைபாதை சொல்லாமல் கொள்ளாமல் முடிந்துபோனது. புல், அப்புறம் பள்ளம், அப்புறம் ஃப்ரீவேயின் இரைச்சல். ஆள் நடமாட்டமே இல்லை. ஒரு பிக்கப் வண்டி ஓரம் கட்டியது. தொப்பி வைத்த பெரியவர் ஜன்னலை இறக்கினார்.

"கார் நின்றுவிட்டதா, அம்மா?"

"இல்லை. நடக்கிறேன்."

"ஏன்?" என்றார். பதில் வரும்வரை அவர் நகர்வதாக இல்லை. கடைசியில் என்னைக் கடை வாசலில் இறக்கிவிட்டுத்தான் போனார். தெரியாதவர் வண்டியில் ஏறினோமே என்று கிளிப்பைத் தேர்ந்தெடுக்கும்போதுதான் உறைத்தது. இதையும் பிரபுவிடம் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து, கடையிலிருந்து வாங்கி வந்த புகையில் வெந்த மாட்டிறைச்சியை ஜோஸ்லின் ஆன்டி சின்னச் சின்னதாக நறுக்கி, மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு வதக்கினார். நான் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை என்பதால் எனக்குத் தனியாக முட்டை, ரசம். "டெக்சாஸ்காரன் பதினாறு மணி நேரம் பொகையில வெச்சதை இவ அஞ்சு நிமிஷத்துல புதுச்சேரி ஆக்கிட்டா," என்றார் அந்துவான். சாப்பிட்டதும் பெட்டியைத் திறந்தோம்.

பெட்டி கார் ஷெட்டில் இருந்தது. கதவைத் தூக்கினதும் உள்ளே அடைபட்டிருந்த வெக்கை முகத்தில் அடித்தது. தரையில் பழைய போர்வை விரித்து, மின்விசிறியைப் போட்டு, நானும் ஜோஸ்லின் ஆன்டியும் உட்கார்ந்தோம். எதிர்பார்த்தபடியே இருந்தது: கரையான் தின்ற வருஷங்கள், வரிசையாக, முழுசாக. முதல் இதழைப் புரட்டும்போதே எனக்குக் கண் கலங்கியது. இரண்டாவது, மூன்றாவது. நான் எழுதியிருந்த முடிவு அப்படியே பொருந்தியது. ஆப்பிரிக்காவில் அணைக்கட்டு, பிரேசிலில் காப்பி விலை, ஆசியாவில் தேர்தல். பிரான்சின் அரசியல் ஓரமாக, மென்மையாக, யாரையும் நோகடிக்காமல். மௌனம்தான். நான் சொன்னது சரி.

"இது யாரோடது ஆன்டி?" அலமாரிக்குக் கீழே இன்னொரு அட்டைப்பெட்டி இருந்தது.

"அது இவரோட அப்பாவுது. அவர் செத்தப்போ பாரிஸ் வீட்டக் காலி பண்ணிட்டுத் தூக்கிட்டு வந்தாரு. அதே புக்குதான். ரெட்டிப்பு எதுக்குன்னு நான் தொறந்தே பாக்கல."

ரெட்டிப்பு என்றுதான் நானும் நினைத்தேன். என் கையில் இருந்த இதழில் ஒரு பக்கம் நீர் பட்டு ஒட்டியிருந்தது. அந்தப் பக்கத்தைப் படிப்பதற்காகத்தான் அதே வாரத்து இதழை இரண்டாவது பெட்டியில் தேடினேன். தேதி பார்த்து எடுத்தேன்.

அட்டை வேறு.

என் மடியில் இருந்த இதழின் அட்டையில் காப்பிக் கொட்டை. இதில், பாரிஸ் புறநகரின் அடுக்குமாடி வரிசை. மாடியில் காயும் துணிகள். பிரான்ஸ் இன்னும் எத்தனை பேரைத் தாங்கும் என்று கேட்கும் பெரிய தலைப்பு. தேதியை மறுபடி பார்த்தேன். இதழ் எண்ணைப் பார்த்தேன். ஒன்றுதான். உள்ளே புரட்டினேன். என் இதழில் இல்லாத பக்கங்கள் வந்துகொண்டே இருந்தன: ஆசிரியரின் தலையங்கம், அரசாங்கத்தை இன்னும் கடுமையாக இருக்கச் சொல்லி, தொழிற்சங்கங்களைக் கேலி செய்யும் கட்டுரை, வெளியிலிருந்து வந்து குடியேறியவர்களைப் பற்றிய நீண்ட கணக்கு. மௌனமா அது? குரல் உயர்த்திப் பேசியிருந்தது.

என் இதழின் அட்டையை மறுபடி பார்த்தேன். விலைக்குக் கீழே, எறும்பு சைஸில், 'வெளிநாட்டுப் பதிப்பு' என்று பிரெஞ்சில் இருந்தது. எங்கள் நூலகத்து இதழ்கள் எல்லாவற்றிலும் அது இருக்கும். படிக்காமல் விட்டவள் இல்லை நான், படித்திருக்கிறேன். விலை வேறு, தாள் மெல்லிசு, தபால் செலவு குறைக்க என்று புரிந்துகொண்டேன். எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான் புரிந்துகொண்டிருந்தார்கள். கடல் தாண்டி வருவதற்காக இதழை மெலிய வைத்தார்கள் என்று நினைத்தோம். எந்தப் பக்கங்களை எடுத்து மெலிய வைத்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்க, பக்கத்தில் வைத்துப் பார்க்க, இன்னொரு பிரதி புதுச்சேரியில் கிடையாது.

ஒன்றை வைத்து முடிவுகட்டக் கூடாது என்று அடுத்த வாரத்தை எடுத்தேன். அதற்கடுத்ததை எடுத்தேன். சில வாரங்களில் அட்டை ஒன்றாக இருந்தது. பல வாரங்களில் இல்லை. தலையங்கம் ஏறக்குறைய எப்போதும் இல்லை. பக்கத்தில் ஜோஸ்லின் ஆன்டி அந்த அடுக்குமாடி அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"இது இவங்க பில்டிங்கு," என்றார். "கல்யாணம் ஆன புதுசுல நான் அங்கதான் இருந்தேன். அந்தத் துணி காயுதுல்ல, அந்த மாடிதான்."

அந்துவான் மூன்று டம்ளரில் மோர் கொண்டு வந்தார். மனைவியின் கையில் இருந்ததைப் பார்த்தார். வெற்றிக்கூச்சல் போடப்போகிறார் என்று எதிர்பார்த்தேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அங்க வீட்டுக்கு வந்ததயும் நம்ம புக்குதானேன்னு நான் பிரிச்சுப் படிச்சதே இல்லியே," என்றார் ஜோஸ்லின் ஆன்டி. "இத்தன வருஷமா உங்கிட்ட சண்ட போட்டேனே. உலகத்துல எங்க அநியாயம் நடந்தாலும் எழுதுவான், நம்மள மாதிரி ஆளுங்களுக்காகப் பேசுவான்னு."

"நீ படிச்ச புக்கு நல்ல புக்குதான் ஜோ. எனக்கு வந்தது வேற."

"மாமா ஏன் இத சந்தா கட்டி வாங்குனாரு? அவரத்தான போடுறான் அட்டையில?"

"எதிர்வீட்டுக்காரன் நம்மளப் பத்தி என்ன நெனைக்கறான்னு தெரிஞ்சிக்க வேணாமான்னு கேப்பாரு. 'மூஞ்சிக்கு நேரா போன்ழூர்னு வணக்கம் சொல்றான், இதுலதான் மிச்சத்த எழுதறான்'னு சொல்வாரு." பிறகு என் பக்கம் திரும்பினார். "என்ன டாக்டர், இப்ப எந்தக் கட்சி?"

நான்கு நாளில் கருத்தரங்கு. கையில் இருக்கும் அத்தியாயத்தின் முதல் வரியே தவறு. அதைவிட, நான் கண்ட மௌனம் இதழின் மௌனமே இல்லை; எனக்கு அனுப்பப்பட்ட பிரதியின் மௌனம். அந்த நினைப்பு ஓடும்போதே வேறொன்றும் ஓடியது. டிவி பார்க்கிறாள். நல்லா இருக்கா. இடது கன்னம். நேற்றும் இடது கன்னம். அதற்கு முன்தினமும்.

கைகழுவிவிட்டு, இங்கே இருட்டும்வரை காத்திருந்து அழைத்தேன். ஊரில் விடிந்திருந்தது. யாழினி வழக்கம்போல மடியில்.

"பிரபு, அவளோட அந்தப் பக்கத்தக் காட்டு."

"எந்தப் பக்கம்?"

"டிவி பக்கம்."

கொஞ்ச நேரம் மோட்டுவளை தெரிந்தது. பிறகு வலப்புருவம் தெரிந்தது. மேலே வெள்ளைப் பிளாஸ்திரி, சுற்றிலும் நீலம். முதல் நாள் அழைப்பு முடிந்த அன்று இரவே கட்டில் விளிம்பில் விழுந்திருக்கிறாள். தையல். "அம்மாதான் சொல்ல வேணாம்னாங்க," என்றான் பிரபு. "நானும் யோசிச்சேன். நீ அங்க தனியா. தெரிஞ்சா பேப்பரும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு ஓடி வந்துடுவ."

ஓடித்தான் வந்திருப்பேன். அதனால் கத்த முடியவில்லை. கத்துவதற்கு வாயைத் திறந்தபோது ஹோபோக்கனும் பிக்கப் வண்டியும் நினைவுக்கு வந்தன. நானும்தான் பக்கங்களை எடுத்துவிட்டு அனுப்பிக்கொண்டிருந்தேன்.

இரண்டு பெட்டியிலிருந்தும் அதே வாரத்து இதழ்களை ஜோடி ஜோடியாகப் படம் எடுத்துக்கொண்டு ஜெர்சி சிட்டி திரும்பினேன். நடந்ததைக் கேட்ட மீனா அக்கா, தோசைக்கல்லைத் துடைத்துக்கொண்டே தீர்ப்பு சொன்னாள். "பேசாம எழுதினதையே படி. அங்க எவன் டெக்சாஸ் போய் கார் ஷெட்ட தொறந்து பாக்கப் போறான்? புக்குல வரட்டும், வேல பர்மனன்ட் ஆகட்டும், அப்புறமா திருத்திக்க."

"அது தப்புன்னு எனக்குத் தெரியுமேக்கா."

"தெரிஞ்சவங்கதான் கெடுத்துக்கறீங்க," என்றாள். அப்புறம், "சரி, எந்தப் புடவ கட்டற?" என்று கேட்டாள். அதற்குமேல் அவள் வற்புறுத்தவில்லை.

வியாழக்கிழமை காலை பிஸ்கட்டவேக்கு அக்காவே விடுமுறை எடுத்துக் காரில் கூட்டிப்போனாள். பேச்சு சுவாரசியத்தில் வெளியேறும் வழியைத் தவறவிட்டு, அடுத்த வழி வரும்வரை போய்த் திரும்பினோம். "இங்க ஒரு எக்ஸிட்ட விட்டா அடுத்த ஜில்லாவுலதான் திரும்பணும்," என்றாள் அக்கா. உள்ளே நுழைந்தபோது எனக்கு முன்னால் பேசுபவர் முடித்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கியபடியே மேடையேறினேன். ஒருவேளை அதுவும் நல்லதுதான். பயப்பட நேரம் கிடைக்கவில்லை. அறையில் ஆட்கள் இருந்தார்கள். விமான நிலையத்து அதிகாரியிடம் போய்ச் சொல்லவேண்டும்போல் இருந்தது.

முதல் படமாக இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டேன். காப்பிக் கொட்டை, அடுக்குமாடி. "நிகழ்ச்சி நிரலில் என் கட்டுரைக்கு 'மௌனத்தின் அரசியல்' என்று தலைப்பு இருக்கும். அதை அடித்துவிடுங்கள்," என்று தொடங்கினேன். என் ஊர் நூலகத்தைச் சொன்னேன். எறும்பு சைஸ் எழுத்தைச் சொன்னேன். காலனிப் போர்களை எதிர்த்துப் பெயர் வாங்கிய இதழ், பழைய காலனிகளில் இருந்த வாசகர்களிடம் அந்தப் பழைய பெயரிலேயே வாழ்ந்துகொண்டிருந்தது. அதே வாரத்தில், அந்த வாசகர்களின் மாமனையும் மச்சானையும் பற்றித் தன் வீட்டுக்குள் வேறு பேச்சுப் பேசிக்கொண்டிருந்தது என்றேன். திட்டமிட்ட ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. வெளியூர்க்காரனுக்கு உள்ளூர் அரசியல் எதற்கு என்று பக்கத்தைச் சிக்கனம் செய்திருக்கலாம். ஆனால் கேரளக் கடற்கரையில் இருக்கும் மாஹேயிலிருந்து டெக்சாஸ்வரை ஒரு தலைமுறை அதைத் தன் நண்பன் என்று நம்பியது என்றேன். குரல் நடுங்கவில்லை. எனக்கே ஆச்சரியம்.

கேள்வி நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்: "கடைசியில் அது இடதா, வலதா?"

"நீங்கள் எந்த ஊரில் வாங்கினீர்கள் என்று சொல்லுங்கள், சொல்கிறேன்," என்றேன். சிரித்தார்கள். மீனா அக்கா சத்தமாகச் சிரித்தாள்.

அமர்வுக்குத் தலைமை தாங்கியவர் பாரிசில் வளர்ந்த பேராசிரியை. தேநீர் நேரத்தில் என்னைத் தனியே அழைத்தார். "எங்கள் வீட்டில் அந்த இதழ் வாராவாரம் வரும். வெளியே போகும் பிரதி இப்படி இருக்கும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது," என்றார். பிறகு, கொஞ்சம் தயங்கி, இந்தத் தொகுப்பு நூலுக்கு இது ஆகாது என்றார். இரண்டு பதிப்புகளையும் முழுக்க ஒப்பிட்டு எழுத வருஷம் பிடிக்கும். எழுதினால் தனக்கு அனுப்பச் சொன்னார். சரி என்றேன். எதிர்பார்த்ததுதான். ஆனாலும் கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டேன். முதல்வரிடம் என்ன சொல்வது என்பதை விமானத்தில் யோசிக்கலாம்.

கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்திருந்தபோது ஜோஸ்லின் ஆன்டியிடமிருந்து ஒரு படம் வந்தது. கார் ஷெட் தரையில் இரண்டு பெட்டிகளும் காலியாகக் கிடந்தன. வரவேற்பறை அலமாரியில் இதழ்கள், வாரத்துக்கு இரண்டாக அடுக்கியிருந்தன. கூடவே ஒரு குரல்பதிவு. "அடுக்கிட்டோம் நித்யா. ஆனா அவரு இன்னும் ரைட்டுதான்னே கத்தறாரு, நான் ஒத்துக்கல. ஆரம்பத்துல எழுதுனதெல்லாம் கணக்குல வராதா? நீயே வந்து சொல்லு." பின்னணியில் அந்துவான் ஏதோ கத்திக்கொண்டிருந்தார்.

பிரபு அழைத்தான். "எப்படிப் போச்சு?"

சூப்பரா போச்சு என்று நாக்கு நுனிவரை வந்தது.

"புக்குல வராது பிரபு. வேலை இப்போதைக்கு பர்மனன்ட் ஆகாது. அந்த அத்தியாயத்த முழுசா மறுபடி எழுதணும். ஆனா நல்லாப் பேசினேன். அப்புறம் ஒரு நாள் தப்பான ட்ரெயின்ல ஏறி அலைஞ்சேன். டெக்சாஸ்ல ஒரு முன்பின் தெரியாதவர் வண்டியில ஏறினேன்."

"முன்பின் தெரியாதவர் வண்டியிலயா?" என்றான். ஆமாம் என்றேன். "சரி. இங்க நான் சொல்றேன். ரெண்டு நாளா உன் துப்பட்டாவ விடமாட்டேங்குறா. அத வெச்சாத்தான் தூக்கம். நேத்து சோறு எறங்கல, வெறும் வாழப்பழம். வாசல் கேட்டுக்கிட்ட போய் நின்னுட்டு ஆட்டோ சத்தம் கேட்டா உன் பேரச் சொல்றா."

"அதெல்லாம் இப்ப எதுக்குடா சொல்ற, புள்ள பாவம் அங்க?" என்று மாமியார் குரல் கேட்டது.

"அவளே கேக்கறாம்மா."

யாரோ ஃபோனைப் பிடுங்கும் சத்தம். படம் குலுங்கியது. யாழினி. பிளாஸ்திரி எடுத்தாகிவிட்டது. புருவத்துக்கு மேலே கறுப்பாகத் தையல். அதை ஒரு விரலால் தொட்டுக் காட்டி, "அம்மா, எறும்பு," என்றாள். எனக்குச் சரியாகத் தெரிய வேண்டுமே என்று இன்னும் கிட்டே கொண்டு வந்தாள். திரை முழுக்க அந்த வலப்புருவம்தான். கேமராவைத் தள்ளிப் பிடி என்று நான் சொல்லவில்லை.